கடலின் மேல் போடும் பழி

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று அக்கம்பக்கத்திலும் மீனவர் ஊர்கள்தான். கிழக்கே கடல், மேற்கே ஏரி. இரண்டிலும் தண்ணீர் ஏறினால் ஒதுங்க மேடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட ஊர்களில் கடல் கரையைத் தின்னும்போதும் ஏரியில் இறால் குறையும்போதும் காரணம் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். கடல் தாய்க்குக் கோபம் என்பது ஒன்று. கலி முற்றிவிட்டது, மனிதர்கள் செய்த பாவம் என்பது இன்னொன்று. கரையில் பிறந்தவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்பது மூன்றாவது. மூன்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு நேரே அறிவியலுக்குப் போய்விடலாம். எளிதான வழி அது. ஆனால் மூன்றும் தேடுவது ஒரே கேள்விக்கான விடையை: இந்தத் துன்பம் யார் செயலின் விளைவு? ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியை இந்த வடிவத்தில் கேட்பதில்லை. என்றாலும் கடந்த நூற்று அறுபது ஆண்டுகளில் அவை கண்டுபிடித்தவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இனி யாரும் இதற்கு நேர்மையாக விடை சொல்ல முடியாது. புவி வெப்பமாதல் பற்றிய ஆராய்ச்சி நம்முடைய வினைக் கொள்கையைப் பொய்யாக்கிவிடவில்லை. அந்தக் கொள்கையின் பெயரால் நாம் சொல்லிவரும் சமாதானங்களைப் பொய்யாக்கியிருக்கிறது. என் வாதம் இதுதான்.

மனிதர் செய்த தவறால் கடல் பொங்கும் என்ற எண்ணம் தமிழில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரம் கடலுக்குள் போகிறது. காணாமல் போன மகனைத் தேடித் திரிந்த சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்துபோனான், அதனால் மணிமேகலா தெய்வத்தின் சாபம் நகரத்தின் மேல் விழுந்தது என்பது கதை. விழாவை மறந்தவன் ஒருவன், வீடிழந்தவர்கள் ஊர் மொத்தம். அரசன் பிழை குடிகளைச் சேரும் என்பது அன்றைய அறமாக இருந்ததால் காப்பியம் இதில் தடுமாறவில்லை. நம் காலத்துக்கு மிக அருகில், 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி அதைத் தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூரால் இதைப் பொறுக்க முடியவில்லை. அவர் எழுதிய மறுப்பைக் காந்தி தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே, 1934 பிப்ரவரி 16 அன்று, தம் பதிலோடு வெளியிட்டார். இயற்கையின் பேரழிவுக்குக் காரணம் இயற்கைக்குள்ளேயேதான் இருக்கும்; ஒழுக்கம் கற்பிப்பதற்காகக் கடவுள் நிலத்தை உலுக்குகிறார் என்றால் அந்தக் கடவுளைவிட மனிதனே ஒழுக்கத்தில் உயர்ந்தவனாகிவிடுவான் என்பது தாகூர் சொன்னதன் சாரம். தீண்டாமையைக் கடைப்பிடித்தவர்களைப் பார்த்துப் பார்த்தா பூமி விழுங்கியது என்று நாமும் சேர்த்துக் கேட்கலாம்.

பீகாரைப் பொறுத்தவரை தாகூர் சொன்னதே சரி. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் குப்பங்களுக்குள் புகுந்த சுனாமிக்கும் அதே பதில் பொருந்தும். சுமத்ராவுக்கு அருகில் கடலடிப் பாறைத் தட்டுகள் நழுவியதால் எழுந்த 9.1 அளவு நிலநடுக்கத்தின் விளைவு அது. எந்த மனிதன் நல்லவனாக இருந்திருந்தாலும் அந்தத் தட்டுகள் நழுவியே இருக்கும். அதையும் பாவத்தின் சம்பளம் என்று பேசியவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லக் கூடாத சொல் அது, உண்மையும் இல்லாத சொல். ஆகவே சிந்திப்பவர்கள் துன்பத்தை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். இயற்கையால் வருவது ஒன்று, மனிதர் மனிதருக்குச் செய்வது ஒன்று. முதலாவதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, தாங்கிக்கொள்ள வேண்டும், ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். இரண்டாவதற்கு நியாயம் கேட்க வேண்டும். புயல், வெள்ளம், கடலேற்றம் எல்லாம் முதல் பட்டியலில் பத்திரமாக இருந்தன. அந்தப் பட்டியலில் இருந்த சிலவற்றை வெப்பமாதல் ஆராய்ச்சி எடுத்து இரண்டாவதில் வைத்துவிட்டது. எந்தச் சாபத்தையும் சாட்சிக்கு அழைக்காமல், தாகூர் வற்புறுத்திய இயற்பியல் காரணங்களின் வழியாகவே நடந்து போய், காந்தி உள்ளுணர்வால் நின்ற இடத்துக்கு அருகில் அது வந்து சேர்ந்திருக்கிறது: மனிதர் செய்யும் காரியம் வானத்தையும் கடலையும் மாற்றும்.

இந்த நடை எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்’ என்பதும் ஒருவகைச் சாமியாடிச் சொல்லாகப் போய்விடக் கூடும். பழவேற்காட்டில் கலங்கரை விளக்கம் முதன்முதலாக எழுந்தது 1859-ல். அதே ஆண்டில் லண்டனில் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் ஒரு நீண்ட குழாயில் வாயுக்களை அடைத்து, அவற்றினூடாக வெப்பக் கதிர் எவ்வளவு கடக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பத்தைத் தாராளமாக விட்டுவிட்டன. நீராவியும் கரியமில வாயுவும் பிடித்துவைத்தன. அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழல்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரம்பிய குழல் மற்றவற்றைவிட அதிகம் சூடாவதைக் காட்டியிருந்தார். அவரை உலகம் வெகுகாலம் மறந்திருந்தது. 1896-ல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைய கணிப்பு ஏறத்தாழ 3 டிகிரி. அவர் போட்டது அதிகம், ஆனாலும் திசை தப்பவில்லை. 1958-ல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்றுக் குமிழிகளைத் தோண்டிப் பார்த்ததில், தொழிற்புரட்சிக்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் அது 300-ஐக்கூடத் தாண்டியதில்லை.

வாயு கூடியிருக்கிறது, வெப்பமும் கூடியிருக்கிறது. ஆனால் இதைச் செய்தது மனிதன்தான் என்று எப்படிச் சொல்வது? பருவநிலை எக்காலமும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது? இந்த மறுப்பைச் சாதாரணமாகத் தள்ள முடியாது, அதுவும் பழவேற்காட்டில் நின்றுகொண்டு. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனியுகம் முடிந்து கடல் ஏறி வந்து தேங்கியதால் பிறந்த ஏரிதான் இது. இங்கே ஒரு தத்துவக் கருவி நமக்குக் கைகொடுக்கும். சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குடம் இருப்பதைப் பார்த்தே குயவன் ஒருவன் உண்டு என்று அது வாதிடும். பருவநிலை ஆய்வாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே, ஒரு வித்தியாசத்தோடு: குடத்தின் மேல் யாருடைய விரல் பதிந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணு அழிந்துபோயிருக்கும். எனவே அவற்றை எரித்து வரும் புகை காற்றில் கலந்தால் காற்றிலிருக்கும் கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். நீர்த்துத்தான் போயிருந்தது, ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1950-களில் மர வளையங்களில் அதைக் கண்டார். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை முழுவதும் சூடாக வேண்டும். வாயு காரணம் என்றால் கீழ்ப்பகுதி சூடாகி மேலடுக்கு குளிர வேண்டும் என்று 1967-லேயே மனாபே, வெதரால்ட் என்ற ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள். பிறகு செயற்கைக்கோள்கள் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. 2021-ல் மனாபேக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய பனியுகங்களுக்குப் பூமியின் சுற்றுப்பாதையில் ஏற்படும் மெதுவான அசைவு காரணம், பல்லாயிரம் ஆண்டு எடுத்துக்கொள்ளும் அசைவு அது. இன்றைய மாற்றத்தில் அதன் விரல் அடையாளம் இல்லை.

இதன் விளைவு குப்பத்தை எப்படி வந்தடைகிறது? உலகில் மிஞ்சும் வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-லிருந்து 2015-க்குள் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மில்லிமீட்டர் என்றால் சிரிப்பு வரலாம். தட்டையான மணற்கரையில் அது பக்கவாட்டில் பல மடங்காக விரியும். புயல் நாளில் அலை எங்கே போய் நிற்கும் என்பதை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கும். ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். அவ்வளவு குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆவியாகி உப்பு ஏறும். கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் முகத்துவாரத்து மணலை அடித்துத் திறக்கும், கோடையில் அது தூர்ந்து மூடும். மழையும் வெப்பமும் பருவம் தவறினால் இந்தத் திறப்பும் மூடலும் தவறும். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்க வேண்டும் அல்லவா. வலையும் படகும் இல்லாதவர்களுக்கு ஏரியின் சூடும் உப்பும் நேரே கூலியில் இறங்குகிறது.

தெரிந்ததைச் சொல்லும் அளவுக்குத் தெரியாததையும் சொல்வது ஆராய்ச்சியின் ஒழுக்கம். புயல்கள் பெருகிவிட்டன என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். மேற்சொன்ன அரசு மதிப்பீடோ, வட இந்தியப் பெருங்கடலில் 1951-லிருந்து புயல்களின் மொத்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது, இந்த நூற்றாண்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்து மிகக் கடும் புயல்கள் கூடியிருக்கின்றன என்கிறது. மத்தி மீனின் கதையும் இப்படித்தான். ஒரு காலத்தில் மலபார்க் கரைக்கே உரியதாக இருந்த நெய் மத்தி, தண்ணீர் சூடானதோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கரையிலும் வலையில் விழத் தொடங்கியது என்பது கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு. வெப்பம் எல்லா மீனையும் எல்லாரிடமிருந்தும் பறிப்பதில்லை. சிலருக்குச் சில காலம் கொடுக்கவும் செய்கிறது. பாவம், தண்டனை என்ற ஒற்றைச் சூத்திரத்தில் அடங்காத விவரங்கள் இவை.

இனி எல்லாவற்றிலும் வலிமையான மறுப்பு. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரை அரிப்புக்கு உலக வெப்பத்தை இழுப்பானேன், துறைமுகங்கள்தானே காரணம்? இதில் பெரும் உண்மை இருக்கிறது. கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்சுவர் எழுப்பினால் சுவருக்குத் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றது, ராயபுரம் அரித்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பழவேற்காட்டுக்குத் தெற்கே நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட வீடு விழுந்ததில் துறைமுகத்தின் பங்கு இவ்வளவு, கடல் மட்டத்தின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. கொடுப்பதாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் இந்த மறுப்பைச் சொல்பவர்கள் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பட்டது முதன்மையாக மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். குப்பத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தெற்கே வடசென்னை அனல்மின் நிலையமும் அதற்கு அருகில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் அந்தக் கரியை எரிக்கின்றன. மணலை மறித்ததும் கரிக்காக, வானைச் சூடேற்றுவதும் அதே கரி. உள்ளூர்க் காரணம், உலகக் காரணம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறோம், இந்தக் கரையிலோ இரண்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை. மண் வேறு, சக்கரம் வேறு என்று வாதாடிக்கொண்டிருந்தால் குயவன் பேர் கடைசிவரை வெளியே வராது.

குயவன் யார் என்று கேட்டால் ‘நாம் எல்லாரும்’ என்பதுதான் சமய மேடைகளில் அதிகம் கேட்கும் விடை. மனிதனின் பேராசை, மனிதகுலத்தின் பாவம். கேட்க அடக்கமாக இருக்கும். ஆனால் பாவத்தை எல்லார் தலையிலும் சமமாகத் தூவிவிட்டால் கணக்குப் புத்தகம் அழிந்துவிடும், அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். இதுவரை கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றின் கணக்கில் இருக்கிறது. மக்கள்தொகையில் உலகின் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்குதான். 1751 முதல் 2010 வரை தொழில்துறை வெளியிட்ட கரியமில வாயுவிலும் மீத்தேனிலும் சுமார் 63 விழுக்காடு, தொண்ணூறு பெரிய எரிபொருள், சிமெண்ட் உற்பத்தியாளர்களின் கணக்கில் வருகிறது என்று ரிச்சர்ட் ஹீடே என்ற ஆய்வாளர் 2014-ல் காட்டினார். மீனவனும் டீசல் எரிக்கிறானே என்று கேட்கலாம். எரிக்கிறான்தான், கட்டுமரம் போய் இன்ஜின் வைத்த ஃபைபர் படகு வந்துவிட்டது, சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே நிறைய வந்தது. கணக்கில் அவனையும் எழுதுங்கள், அவன் எரித்த அளவுக்கு எழுதுங்கள். பழவேற்காட்டில் அம்மன் கோயிலும் உண்டு, மகிமை மாதா கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. இந்த நியாயம் எந்த மரபுக்கும் அன்னியமானதில்லை. 2015-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழல் கடன்பட்டிருப்பதாகவே சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்களின் பிரகடனம் செல்வந்த நாடுகளும் எண்ணெய் வள நாடுகளும் முதலில் நடக்க வேண்டும் என்றது. பொதுப் பாவம் என்று இரண்டுமே மழுப்பவில்லை.

இந்து மரபுக்குள்ளிருந்து எழும் எதிர்வாதம் இன்னும் ஆழமானது. ஒருவன் வினையை இன்னொருவன் நுகர முடியாது. எனவே குப்பத்தில் பிறந்து கடலுக்கு வீட்டைக் கொடுப்பவன் தன் பழவினையைத்தான் நுகர்கிறான், வெளியில் ஆள் தேடுவது வீண். இதற்கு அந்த மரபே பதில் வைத்திருக்கிறது. சித்தாந்தம் வினையை மூன்றாகச் சொல்லும்: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது நுகரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். ஒருவன் அடிபடுவது அவன் பிராரத்தமாகவே இருக்கட்டும். அடித்தவனுக்கு அது ஆகாமியம். அடிபட்டவனின் பழவினையைக் காட்டி அடித்தவன் தப்பிக்க எந்த ஆகமத்திலும் வழியில்லை. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தது போலவே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. இந்த மூன்று வினையும் வானத்துக் கணக்குக்கும் வியக்கும்படி பொருந்துகிறது. பல தலைமுறை எரித்துச் சேர்ந்த வாயு ஒரு பகுதி, ஏற்கனவே ஏறிவிட்ட வெப்பமாக நாம் நுகர்வது ஒரு பகுதி, ஆண்டுதோறும் புதிதாக ஏற்றும் சுமார் 3,700 கோடி டன் ஒரு பகுதி. ஏற்றிய வாயுவில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் காற்றில் இருக்கும். ஏற்றுவதை நிறுத்தினால் வெப்பம் மேலும் ஏறுவது கிட்டத்தட்ட நிற்கும், கடல் மட்டுமே இன்னும் நூற்றாண்டுகளுக்கு உயரும். ஆனால் பொருத்தம் ஓரிடத்தில் முறிகிறது, முறிவதுதான் முக்கியம். வினை செய்த உயிரையே பின்தொடரும் என்கிறது சாத்திரம். வாயுவுக்கு அந்த ஞானம் கிடையாது. டெட்ராய்ட்டில் கிளம்பினாலும் வல்லூரில் கிளம்பினாலும் ஓராண்டு, ஈராண்டுக்குள் உலகம் முழுக்கக் கலந்துவிடும். வினையைச் செய்தவனிடமே கொண்டுசேர்க்கும் வேலையை இயற்கை செய்யாத இடத்தில் அதை மனிதர்களின் நீதி செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படியொரு நீதியைப் பொதுநீரில் நடத்திக் காட்டிய ஊர்கள்தான் இவை. பழவேற்காட்டுப் பட்டினவர் ஊர்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் மீன்படும் இடங்களைப் பிரித்து, தலைக்கட்டாகப் பதிந்தவர்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்து விடுவார்கள். இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். முறை தவறி வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதிக்கும். ஏரி தெய்வம் தந்தது, அதனால் யாரும் எவ்வளவும் அள்ளலாம் என்று யாரும் வாதிடவில்லை. தெய்வம் தந்தது என்பதாலேயே முறை வேண்டும் என்று எண்ணினார்கள். இந்த முறையைப் புனிதமாக்கவும் கூடாது. பாடு முறையில் இடம் கிடைப்பது பிறந்த சாதியைப் பொறுத்திருந்தது. இருளர்களும் மற்றவர்களும் வெளியே நின்றார்கள், அதனால் சண்டையும் வந்தது. அப்படியிருந்தும் ஒரு பொதுச் சொத்தை யார் எவ்வளவு எடுக்கிறார் என்று எண்ணி வைக்காமல் அறம் பேச முடியாது என்பதை இந்த ஊர்கள் அறிந்திருந்தன. வானத்துக்கு இன்னும் சீட்டும் இல்லை, அபராதமும் இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு: குப்பத்துக்கும் கரண்ட் வேண்டும், ஐஸ் வேண்டும், கரியை நிறுத்தச் சொல்வது ஏழையை இருட்டில் தள்ளுவது. கரண்ட் வேண்டும் என்பதில் தகராறில்லை. தலைக்கு ஏறத்தாழ 14 டன் வெளியிடும் அமெரிக்கனும் 2 டன் வெளியிடும் இந்தியனும் ஒரே வேகத்தில் நிறுத்த வேண்டும் என்றும் யாரும் நியாயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக்குப் பொருந்தும் அந்த நியாயம் நாட்டுக்குள்ளும் பொருந்த வேண்டும். உலக அரங்கில் இந்தியாவின் பங்கு சிறிது என்று சொல்லிக்கொண்டு, இங்கே கரியின் சாம்பலையும் அரிப்பையும் பங்கே இல்லாதவர் வாசலில் கொட்டுவது அதே அநீதியின் சிறு பதிப்பு. சட்டம் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் தரும் உரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கானமயில் என்ற பறவை பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. மீனவருக்கும் அதே பிரிவுகள்தான். 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று கருத்துரைத்தது. அதைக் கேட்டு வாங்குவதில் முன்னின்றது வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு.

ஆகவே பழவேற்காட்டு மேடைகளில் கடலைப் பற்றிப் பேசும் பூசாரிகளுக்கும் பங்குத் தந்தைகளுக்கும் இமாம்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுனாமியைப் பற்றிப் பேசினால் அதில் யார் பாவமும் இல்லை என்று சொல்லுங்கள். கடல் சூடாவதைப் பற்றிப் பேசினால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற கணக்கோடு பேசுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த முறை அப்படியொரு கூட்டம் கூடினால், குப்பத்து மக்களோடு நீங்களும் போய் அந்தக் கணக்கை அங்கே பதிவு செய்யுங்கள்.